ஊர் பார்க்க வந்த கம்பெனி

வாஷ்பேசினும் கக்கூஸ் கோப்பையும் செய்கிற ஒரு கம்பெனி எங்கள் பக்கம் இடம் தேடி வந்தபோது, அதற்கு வழி காட்டுகிற வேலை எனக்குக் கிடைத்தது. நான் மனுப் போட்டுக் கிடைத்த வேலை இல்லை. என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டுகிறார். கம்பெனிக்காரர்கள் விருத்தாசலம் ஜங்ஷனில் இறங்கி அவருடைய காரைத்தான் பிடித்தார்கள். போகிற ஊர்களில் பெண்களிடம் பேச உள்ளூர்ப் பெண் ஒருத்தர் கிடைத்தால் நல்லது என்று அவர்கள் பின்சீட்டில் பேசிக்கொண்டு வர, இவர் ரோட்டைப் பார்த்தபடியே, "எங்க வூட்ல ஒருத்தங்க சும்மாதான் இருக்காங்க மேடம்" என்று சொல்லியிருக்கிறார்.

நான் சும்மா இருந்தது உண்மைதான். ஆனால் இருந்து பழக்கமில்லை. பீங்கான் படிப்புப் படித்துவிட்டு, எங்கள் ஊர் பீங்கான் தொழிற்பேட்டையில் பியூஸ் கேரியர் செய்கிற ஒரு சின்ன யூனிட்டில் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே வேலை பார்த்தவள். சூளையிலிருந்து வருகிற சரக்கைக் கையில் எடுத்துப் பார்த்து, நல்லதை இந்தப் பக்கம், கீறல் விட்டதை அந்தப் பக்கம் வைக்க வேண்டும். முதலாளிக்கு வயதாகிவிட்டது. பெங்களூரில் இருக்கிற மகளோடு போய் இருக்கப் போவதாகச் சொல்லி யூனிட்டைப் பூட்டினார். அவர் போன பிறகும் கொஞ்ச நாள் வீட்டுத் தட்டுகளை எடுத்துத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் அதைக் கவனித்திருக்க வேண்டும்.

காரில் வந்தவர்கள் இரண்டு பேர். ஒருவர் முப்பது வயதுள்ள மேடம். சென்னைக்காரர். ஊர் பார்ப்பதுதான் அவருடைய உத்தியோகம். செருப்புக் கம்பெனியோ பனியன் கம்பெனியோ, எது வந்தாலும் எந்த ஊரில் போட்டால் ஓடும் என்று பார்த்துச் சொல்வார். இன்னொருவர் கம்பெனியின் இஞ்சினியர், கோயமுத்தூர்ப் பக்கம். தொழிற்சாலை எங்கே வந்தாலும் அதைக் கட்டி நடத்தப் போகிறவர் அவர்தான். அதனால் மேடத்தைவிட அவருக்குக் கவலை அதிகம். நிலம், தண்ணீர், கரண்ட் எல்லாம் ஏற்கெனவே ஆட்கள் வந்து பார்த்துவிட்டுப் போய்விட்டார்களாம். மூன்று ஊர் தேறியிருக்கிறது. இனி ஜனங்களைப் பார்க்க வேண்டும் என்றார் மேடம்.

எனக்கு ஒரு சந்தேகம் இருந்தது. பீங்கான் ஊர் என்று தேடி வந்தவர்கள் பீங்கான் பேட்டையைத் தாண்டி ஏன் கிராமத்துக்குப் போகிறார்கள்? பேட்டையில் இடம் இருக்கிறது, வேலை தெரிந்த ஆட்கள் வீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள். அவர்களில் ஒருத்தி முன்சீட்டிலேயே உட்கார்ந்திருக்கிறாள். இஞ்சினியரிடம் கேட்டேன். அவர் மறைக்கவில்லை.

"தொழில் தெரிஞ்சவங்களுக்கு, பக்கத்துக் கம்பெனில என்ன குடுக்கறாங்கன்னும் தெரியுமுங்க" என்றார். "நமக்குக் கத்துக்கறவங்க போதும்."

நான் ஜன்னல் கண்ணாடியை இறக்கிவிட்டுக் கொண்டேன்.

முதலில் போனது பெண்ணாடம் பக்கத்து ஊர். கரும்புக்காரர்கள். நாங்கள் வருவது முன்னாலேயே தெரிந்து கல்யாண மண்டபத்தைத் திறந்து வைத்திருந்தார்கள். மேடத்துக்கும் இஞ்சினியருக்கும் சால்வை போட்டார்கள். எனக்கும் போட வந்து, நான் யார் என்று தெரியாமல் ஒரு நிமிஷம் நின்று, பிறகு போட்டார்கள். எல்லாருக்கும் இளநீர் வந்தது. ஊர்ப் பெரியவர் ஒருவர் எழுந்து, இந்த ஊரைப்போல ஒற்றுமையான ஊரை இந்தத் தாலுக்காவில் பார்க்க முடியாது என்று பேசினார். கூட்டம் நடுவில் வழி விட்டு இரண்டு பக்கமாக உட்கார்ந்திருந்தது. அவர் பேசும்போது இந்தப் பக்கம்தான் கை தட்டியது. அடுத்து அந்தப் பக்கத்திலிருந்து ஒருவர் எழுந்து அதையே பேசினார். அப்போது அந்தப் பக்கம் கை தட்டியது.

தகராறு வந்தால் எப்படித் தீர்த்துக்கொள்வீர்கள் என்று மேடம் கேட்டார். மணவாளநல்லூர் கோயிலுக்குப் போய் சாமியிடம் பிராது கட்டிவிடுவோம், சாமி பார்த்துக்கொள்ளும் என்றார்கள். பிராது என்றால் என்ன என்று மேடம் என்னைக் கேட்டார். குறையைச் சீட்டில் எழுதிக் கோயிலில் கட்டுவது, போலீசுக்கு எழுதுவது போலத்தான், ஆனால் சாமிக்கு என்றேன். அவர் தலையாட்டி, குறை தீர்க்க ஏற்பாடு உண்டு என்று செல்போனில் குறித்துக்கொண்டார்.

பெண்கள் யாரையும் காணவில்லை. அவர்களிடமும் பேச வேண்டும் என்று மேடம் சொன்னதும், எல்லாரும் கரும்பு வெட்டுக்குப் போயிருக்கிறார்கள், சாயங்காலம் வருவார்கள் என்றார்கள். இஞ்சினியர் அதைத்தான் பிடித்துக்கொண்டார். சர்க்கரை ஆலையிலிருந்து வெட்டு உத்தரவு வந்தால் ஊரே வயலுக்குப் போய்விடுமா, அப்போது தொழிற்சாலைக்கு யார் வருவார்கள் என்று கேட்டார். பின்வரிசையில் இருந்த ஒருவர் கொஞ்சம் யோசித்துவிட்டு எழுந்தார்.

"கரும்பு வெட்ற காலத்துல மட்டும் நீங்க பாக்டரிய மூடிட்டீங்கன்னா எல்லாருக்கும் சௌகரியமா இருக்கும் சார்" என்றார்.

அவர் கிண்டலாகச் சொல்லவில்லை. நடுவில் இருந்த வழியைத் தாண்டி இரண்டு பக்கமும் சேர்ந்து தலையாட்டியது அந்த ஒரு பேச்சுக்குத்தான். சூளையை ஒருதடவை பற்றவைத்தால் வருஷக் கணக்கில் அணைக்க மாட்டார்கள் என்று இஞ்சினியர் விளக்கினார். அப்படியா, பாவம் என்றார்கள். திரும்பும்போது கரும்பு ஏற்றிய டிராக்டர்களுக்குப் பின்னால் ரொம்ப தூரம் ஊர்ந்து வந்தோம்.

இரண்டாவது, கம்மாபுரம் பக்கத்து ஊர். அங்கே சால்வை இல்லை. பள்ளிக்கூடத்துப் புளியமரத்தடியில் பெஞ்சு போட்டிருந்தார்கள். நிலக்கரிச் சுரங்கத்துக்கு நிலம் கொடுத்தவர்கள் பாதிப் பேர், கொடுக்கப் போகிறோமோ என்று இருக்கிறவர்கள் பாதிப் பேர். மேடம் தன் கேள்விகளை ஆரம்பிக்கும் முன்பே ஒருவர் மரியாதையாக, நாங்கள் முதலில் கேட்டுக்கொள்ளலாமா என்று அனுமதி வாங்கினார். அதற்குப் பிறகு மேடத்துக்கு முறை வரவில்லை.

நிலத்தை வாங்குகிறீர்களா, குத்தகையா? வேலை நிரந்தரமா, காண்ட்ராக்டா? காண்ட்ராக்ட் என்றால் காண்ட்ராக்டர் யார், எந்த ஊர்? வேலை கொடுப்போம் என்பதை வாயால் சொல்வீர்களா, எழுதிக் கொடுப்பீர்களா? எழுதிக் கொடுத்தால் கையெழுத்துப் போடுகிறவர் அடுத்த வருஷமும் அதே நாற்காலியில் இருப்பாரா? இஞ்சினியர் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார். வெயிலும் இருந்தது.

ஒருவர் மட்டும் பெஞ்சுக்கு வரவில்லை. ஹீரோ ஹோண்டா வண்டியை மரத்தோரம் நிறுத்தி, அதை விட்டு இறங்காமலே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியாகக் கேட்டது அவர்தான். "நீங்க கட்டி முடிச்ச பெறவு, இந்த எடத்தையும் சொரங்கத்துக்குன்னு கேட்டாங்கன்னா நீங்க எங்க போவீங்க?"

காரில் ஏறிய பிறகு இஞ்சினியர், எங்கள் டைரக்டர் முதலில் கேட்கப் போவதும் இதைத்தான் என்றார். மேடம் வேறு மாதிரி சொன்னார். இந்த ஊரில் விழிப்புணர்வு கொஞ்சம் அதிகமாக இருக்கிறது, கம்பெனிக்கு ஒத்துவராது என்றார். விழிப்புணர்வு வேண்டும் என்று சுவரில் எழுதிப் பார்த்திருக்கிறேனே தவிர, அது அதிகமாகிவிடும் என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன்.

மூன்றாவது ஊர் சேத்தியாத்தோப்பு ரோட்டில். அங்கே காலையிலேயே போய்விட வேண்டும் என்று மேடம் சொல்லிவிட்டார். நாங்கள் போனபோது ரோட்டோரத்தில் பஸ் நின்றிருந்தது. நிழற்குடைக்குள் நாற்பது ஐம்பது பெண்கள், எல்லார் கையிலும் சாப்பாட்டுப் பை. ஜவுளிக்கடைக்கு, ஆஸ்பத்திரிக்கு, பீங்கான் பேட்டைக்கு என்று டவுனுக்கு வேலைக்குப் போகிறவர்கள். வரிசையாக ஏறினார்கள். பஸ் சரியான நேரத்துக்குக் கிளம்பியது. நிழற்குடையில் விளக்குகூட இருந்தது. மேடம் காரிலிருந்து இறங்காமல் கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டே இருந்தார். அவர் முகம் மாறியதை நான் கவனித்தேன். பெண் பார்க்க வந்த இடத்தில் காப்பி வரும் முன்பே மனசு முடிவாகிவிட்டது போல இருந்தது.

அந்த பஸ் எப்படி வந்தது என்று எனக்கும் வீட்டுக்காரருக்கும் தெரியும். கொஞ்ச வருஷத்துக்கு முன்னால், பத்து மணிக்கு மேல்தான் அந்த ஊருக்கு பஸ். வேலைக்குப் போகிற பெண்கள் மனுக் கொடுத்துப் பார்த்தார்கள். பிறகு ஒரு முகூர்த்த நாளில் ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்கள். இவர் அன்றைக்கு மாப்பிள்ளை காரோடு அதில் மாட்டிக்கொண்டார். பெண்கள் மாப்பிள்ளையை மட்டும் ஒரு ஸ்கூட்டரில் ஏற்றி அனுப்பி வைத்தார்கள். காரை விடவில்லை. மத்தியானம் தாசில்தார் வந்தார், அடுத்த வாரம் பஸ் வந்தது. நிழற்குடைக்கும் விளக்குக்கும் தனியாக இன்னொரு தடவை உட்கார்ந்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டோம்.

பெண்கள் குழுவின் தலைவி எங்களுக்காக வேலைக்குப் போகாமல் இருந்தார். நாற்பது வயது இருக்கும். சத்தமாகப் பேச மாட்டார், சிரிக்கவும் மாட்டார். சமுதாயக் கூடத்தில் பாய் விரித்து டீ கொடுத்தார். கரும்பு கிடையாது, நெல் ஒரு போகம், மற்ற நாளில் பெண்கள் வெளியே வேலைக்குத்தான் போகிறார்கள் என்றார். கல்யாணமாகி வந்தவர்களும் போகிறார்களா? போகிறார்கள். வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா? சொல்வார்கள், போகிறார்கள். மேடத்துக்கு ஒவ்வொரு பதிலும் பிடித்துப்போயிற்று. கடைசியாக, ஊரில் சண்டை சச்சரவு, போராட்டம் ஏதாவது உண்டா என்று கேட்டார்.

"சண்டைல்லாம் கெடையாதுங்க" என்றார் தலைவி. "எதுனா வேணும்னா கேப்போம். குடுத்துடுவாங்க."

திரும்பும் வழியில் இஞ்சினியர், இந்த ஊருக்கு மட்டும் எப்படிக் காலையில் பஸ் இருக்கிறது என்று என் வீட்டுக்காரரிடம் கேட்டார். அவர் கியர் மாற்றியபடி, "கேட்டு வாங்கினாங்க சார்" என்றார். இஞ்சினியர் திருப்தியாகத் தலையாட்டினார். அரசாங்க ஒத்துழைப்பு நன்றாக இருக்கிறது என்று மேடத்திடம் சொன்னார். வீட்டுக்காரர் என்னை ஒரு பார்வை பார்த்தார். நான் வெளியே பார்த்தேன். அவர் சொன்னதில் பொய் ஒன்றும் இல்லை.

கம்பெனி அந்த ஊருக்கு வந்தது. ஏரிக்கு மேற்கே விளையாமல் கிடந்த மேட்டு நிலத்தை வாங்கிச் சுற்றுச்சுவர் எழுப்பினார்கள். ஜனங்களிடம் பேசிப் பழகிவிட்டீர்கள் என்று எனக்கும் வேலை கொடுத்தார்கள், பெண்கள் பகுதிக்கு சூப்பர்வைசர். பீங்கான் படித்திருக்கிறேன் என்பது நேர்காணலில் தெரிந்தபோது இஞ்சினியர் கொஞ்சம் தயங்கினார். தொழில் தெரிந்தவள் ஆயிற்றே. நான் வாயைத் திறக்காமல் உட்கார்ந்திருந்ததால் சேர்த்துக்கொண்டார்.

டவுனுக்குப் போய்க்கொண்டிருந்த பெண்கள் பாதிப் பேர் இங்கே வந்துவிட்டார்கள். நடந்தே வரலாம் என்பது ஒன்று. இன்னொன்று, ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நிற்க வேண்டும், இங்கே உட்கார்ந்து செய்கிற வேலையும் இருக்கிறது. அச்சிலிருந்து எடுத்த கோப்பை ஈரமாக இருக்கும்போதே அதன் ஓரத்தை வழித்து, ஸ்பாஞ்சைத் தண்ணீரில் தோய்த்துத் துடைத்து, அச்சுக் கோடு தெரியாமல் ஆக்க வேண்டும். கை அழுத்தினால் கோணிக்கொள்ளும். விட்டுவிட்டால் காய்ந்து கோடு நின்றுவிடும். முதல் வாரம் அவர்கள் கோப்பையைக் கண்டு சிரித்தார்கள். அடுத்த வாரம் சிரிக்கவில்லை, திட்டினார்கள். ஒரு மாதத்தில், துடைத்து முடித்ததும் தள்ளி நின்று பார்க்க ஆரம்பித்தார்கள். குழுத் தலைவிக்கு நான் தட்டிப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். சுட்ட கோப்பையை மரச்சுத்தியால் லேசாகத் தட்டினால் நல்லது மணி போலக் கேட்கும், உள்ளே கீறல் இருந்தால் ஓட்டைச் சட்டி போலக் கேட்கும். அவருக்கு நல்ல காது. சீக்கிரமே சோதனை மேஜைக்கு வந்துவிட்டார்.

தொழிற்சாலை ஓடிய முதல் வருஷம் பெரிய குறை ஒன்றும் இல்லை. பிறகு ஆர்டர் கூடியது, இரண்டாவது வரிசை மேஜை போட்டார்கள், அக்கம்பக்கத்து ஊர்ப் பெண்களும் வந்து சேர்ந்தார்கள். ஆட்கள் இரட்டிப்பானார்கள். மேஜை இரட்டிப்பானது, ஸ்பாஞ்சு இரட்டிப்பானது. பெண்களுக்கான கக்கூஸ் மட்டும் முதலில் கட்டியதே இருந்தது.

நாங்கள் நாள் முழுக்கக் கக்கூஸ் கோப்பைதான் செய்தோம். வெளியே முற்றத்தில் பனை உயரத்துக்கு அடுக்கி, வைக்கோல் வைத்துக் கட்டி, லாரி லாரியாக எங்கெங்கோ அனுப்பினோம். டீ இடைவேளையில் எங்கள் கக்கூஸ் வாசலில் வரிசை நின்றது. இடைவேளை முடிந்து மணி அடிக்கும்போது பாதி வரிசை அப்படியே திரும்பி வரும். பெண்கள் தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொண்டார்கள். சூளைச் சூடு அடிக்கிற இடத்தில் தண்ணீர் குடிக்காமல் இருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒரு பெண்ணுக்கு நீர்க்கடுப்பு முற்றிக் காய்ச்சல் வந்து, டவுன் ஆஸ்பத்திரியில் படுத்தாள். மூத்த பையனை ஸ்கூலில் விட்டுவிட்டு ஓடி வருகிற பெண் அவள், ஒரு நாள்கூட லீவு போட்டதில்லை.

தலைவி என்னிடம் வந்து கேட்டார். நான் எழுதி மேலே அனுப்பினேன். கோயமுத்தூர் ஹெட் ஆபீசில் கேட்டிருக்கிறோம் என்று பதில் வந்தது. மறுபடி கேட்டார், மறுபடி அனுப்பினேன். அடுத்த வருஷத்துத் திட்டத்தில் இருக்கிறது என்றார்கள். இஞ்சினியர் கெட்ட மனிதர் இல்லை. பிளானைக்கூட வரைந்து வைத்திருந்தார், எனக்குக் காட்டினார். அழகாக இருந்தது. அனுமதி வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை டீ மணி அடித்தது. பெண்கள் எழுந்து போய் வரிசையில் நின்றார்கள். இடைவேளை முடிந்து மணி அடித்தது. யாரும் திரும்பவில்லை. வரிசையில் நின்றார்கள். வழக்கமாகக் கேன்டீனுக்குப் போகிறவர்களும் அன்றைக்கு வரிசையில் இருந்தார்கள். கக்கூஸ் வாசலில் ஆரம்பித்து, பேக்கிங் முற்றத்தைச் சுற்றி, அடுக்கிய கோப்பைகளின் ஓரமாக, சூளைக் கொட்டகை வரைக்கும் வரிசை போயிற்று. கோஷம் இல்லை, பலகை இல்லை. ஒருத்தி உள்ளே போவாள், வருவாள், கை கழுவிவிட்டு ஒழுங்காகப் போய்த் தன் மேஜையில் உட்கார்ந்து வேலை பார்ப்பாள். அடுத்தவள் போவாள். ஸ்ட்ரைக் என்று யாரும் சொல்ல முடியாது. அவசரமில்லாமல் போய் வந்தார்கள், அவ்வளவுதான்.

நான் காலி மேஜைகளுக்கு நடுவில் நின்றேன். அச்சிலிருந்து எடுத்து வைத்த கோப்பைகள் காய ஆரம்பித்திருந்தன. விளிம்பில் வெள்ளை ஏறிக்கொண்டிருந்தது. சூப்பர்வைசர் என்ற முறையில் நான் போய் அவர்களைக் கூப்பிட வேண்டும். கூப்பிட்டால் வருவார்களா என்பது வேறு விஷயம். ஆஸ்பத்திரியில் அந்தப் பெண்ணைப் பார்க்கப் போனபோது, அவள் என்னிடம், தண்ணி குடிக்காம இருக்கக் கத்துக்கிட்டேன்க்கா, ஒடம்புதான் கத்துக்க மாட்டேங்குது என்று சொன்னது ஞாபகம் வந்தது. வேலை போனால் என்ன செய்வேன் என்றும் யோசித்தேன். மறுபடி வீட்டுத் தட்டுகளைத் தட்ட வேண்டியதுதான்.

மாடியில் ஆபீஸ்காரர்களுக்குத் தனிக் கக்கூஸ் உண்டு. எனக்கும் அதற்குச் சாவி கொடுத்திருந்தார்கள். நான் அங்கே போகவில்லை. முற்றத்தைச் சுற்றி நடந்து போய் வரிசையின் கடைசியில் நின்றேன். எனக்கு முன்னால் நின்ற பெண் திரும்பிப் பார்த்துவிட்டு, கொஞ்சம் நகர்ந்து நிழலில் இடம் விட்டாள்.

இஞ்சினியர் வந்தார். வரிசையின் ஆரம்பத்திலிருந்து கடைசி வரை நடந்து வந்தார். என்னைப் பார்த்ததும் நின்றார்.

"நீங்களுமாங்க?"

"எனக்கும் வருது சார்" என்றேன்.

அவர் முகத்தில் கோபம் வருமென்று நினைத்தேன். வெட்கம்தான் வந்தது. திரும்பி நடந்து, வரிசையின் நடுவில் இருந்த தலைவியிடம் போனார். இது எப்போது முடியும் என்று கேட்டார். தலைவி முந்தானையால் முகத்தைத் துடைத்துவிட்டுப் பதில் சொன்னார்.

"மொற வந்ததும் போயிட்டு வந்து உக்காந்துடுவோங்க சார். வேலைய நாங்க ஒண்ணும் விடல. நாளைக்கும் இப்டித்தான் ஆவும், அத மட்டும் கணக்குல வச்சிக்கங்க."

மத்தியானம் அவர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். அந்த ஊர்ப் பெண்கள் இதற்கு முன்னால் இப்படி ஏதாவது செய்திருக்கிறார்களா என்று கேட்டார். பஸ் வந்த விதத்தைச் சொன்னேன். மாப்பிள்ளையை ஸ்கூட்டரில் அனுப்பியது உட்பட எல்லாம் சொன்னேன். அவர் நாற்காலியில் சாய்ந்து மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். நாம் பஸ்ஸைப் பார்த்து வந்தோம், பஸ் அவர்களைப் பார்த்து வந்திருக்கிறது என்றார். பிறகு கோயமுத்தூருக்குப் போன் போட்டார். நான் வெளியே வந்துவிட்டேன். கதவு சாத்தியிருந்தும் அவர் சத்தம் கேட்டது. அவர் அப்படிச் சத்தம் போட்டு நான் முன்னாலும் கேட்டதில்லை, பின்னாலும் கேட்டதில்லை. அன்றைக்குக் காய்ந்து வீணான கோப்பைகளை உடைத்து, மறுபடி கரைக்கிற தொட்டியில் போட்டோம்.

அந்த மாதமே கட்டட வேலை ஆரம்பித்தது. புதுக் கக்கூஸுக்கு வைக்க, பூச்சில் ஊசித் துளை விழுந்து விற்பனைக்குப் போகாத இரண்டாம் தரக் கோப்பைகளை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அதில் யாருக்கும் ஆட்சேபம் இல்லை. ஆனால் பதிக்கிற அன்றைக்குத் தலைவி மரச்சுத்தியோடு போய் ஒவ்வொன்றாகத் தட்டினார். ஒன்றை ஒதுக்கி வைத்தார். கொத்தனார், பார்க்க நன்றாகத்தானே இருக்கிறது என்றார். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. தலைவி வேறு எடுத்து வரச் சொன்னார். அது வந்த பிறகுதான் சிமெண்டு கலந்தார்கள்.

யாருக்கும் வேலை போகவில்லை. எனக்கு மட்டும் ஒரு விளக்கக் கடிதம் கேட்டார்கள். இயற்கை உபாதை என்று எழுதிக் கொடுத்தேன். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை.

அடுத்த வருஷம் சூளைப் பக்கம் இரவு ஷிப்டுக்கு ஆள் தேவைப்பட்டது. அதற்கு வந்தவர்கள் பெரும்பாலும் கம்மாபுரம் பக்கத்து ஆண்கள். நிலம் போனவர்கள், டூவீலரில் வந்து போனார்கள். விழிப்புணர்வு அதிகம் என்று கம்பெனி விட்டுவிட்டு வந்த ஊரிலிருந்து தினமும் ஒரு கூட்டம் அந்த விழிப்புணர்வோடு வந்து கார்டு தேய்த்துவிட்டு உள்ளே போனது. காண்ட்ராக்டா நிரந்தரமா என்று முதல் நாளே கேட்டார்கள். இஞ்சினியர் எழுதிக் கொடுத்தார். கையெழுத்தை அவரே போட்டார்.

மேடம் ஒருதடவை வந்தார். கம்பெனி இரண்டாவது யூனிட் போட நினைக்கிறது, இந்த மாதிரியே இன்னொரு ஊர் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள் என்றார். இந்த மாதிரி என்றால் எந்த மாதிரி என்று கேட்டேன். ஆள் வராத நாள் இங்கேதான் குறைவு, வேலையை விட்டுப் போகிறவர்களும் குறைவு என்றார். ஏன் என்று அவருக்குத் தெரியவில்லை. தலைவியைக் கூப்பிட்டுக் கேட்டார். தலைவிக்கும் சொல்லத் தெரியவில்லை. எங்க ஊரு பொண்ணுங்க நல்ல பொண்ணுங்க மேடம் என்றார். அது அவருக்கு உபயோகப்படவில்லை என்று நினைக்கிறேன். வீட்டுக்காரர் அவரைக் காரில் ஏற்றிக்கொண்டு வடக்கே உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் ஊர் பார்க்கப் போனார். இந்தத் தடவை நான் போகவில்லை. எனக்கு ஷிப்டு இருந்தது.

போன தை மாதம் இஞ்சினியருக்கு மாற்றல் வந்தது. குஜராத்தில் கம்பெனியின் வேறு தொழிற்சாலைக்குப் போகிறார். பெண்கள் சேர்ந்து அவருக்கு ஒரு வேட்டி சட்டையும், ஒரு பெரிய முந்திரிப் பொட்டலமும் கொடுத்தார்கள். தலைவி பேச மறுத்துவிட்டார். அதனால் நான் பேச வேண்டியதாயிற்று. நன்றாக வராமல் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். அவரும் இரண்டு வார்த்தைக்கு மேல் பேசவில்லை.

ஜங்ஷனுக்கு அவரை என் வீட்டுக்காரர்தான் கொண்டுபோய் விட்டார். ரயில் தாமதம். இரண்டு பேரும் பிளாட்பாரத்தில் டீ குடித்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றிருக்கிறார்கள். இவர் சும்மா இருக்க மாட்டாமல், இப்போது முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொன்னால் மூன்று ஊரில் எந்த ஊரை எடுப்பீர்கள் சார் என்று கேட்டிருக்கிறார். இஞ்சினியர் டீயைக் குடித்து முடித்து, கப்பைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்து சொன்னாராம்.

"அதே ஊர்தானுங்க. சுத்துச்சுவருக்கு முன்னால கக்கூஸைக் கட்டியிருப்பேன்."

ரயில் வந்ததும் முந்திரிப் பொட்டலத்தை மட்டும் கையில் வைத்துக்கொண்டு, பெட்டிகளை இவரிடம் கொடுத்து ஏற்றச் சொன்னாராம்.